கூப்பிட்டாலும் வராதே

அந்த வீட்டில் அமைதிக்கு விலை இரண்டு பிஸ்கட்.

விலையை வைத்தவள் அம்மா. விற்பவன் அவளுடைய சின்னவன். எல்லோரும் சுண்டு என்று கூப்பிடுகிற அவனுக்குப் போன மாதம்தான் நாலு வயது முடிந்திருந்தது. காலையில் கண்ணோடு சேர்ந்து வாயும் திறந்தால், ராத்திரி தூக்கம் வந்து அடைக்கிற வரைக்கும் அது மூடாது. எறும்புக்கு முதுகு அரித்தால் என்ன செய்யும்? குழாய்த் தண்ணீர் ஏன் எப்போதும் கீழேயே விழுகிறது? அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் எங்கே இருந்தேன்? முதல் சில கேள்விகளுக்கு அவள் ஆசையாகப் பதில் சொல்வாள். பிறகு 'ம்' கொட்டுவாள். அதற்கும் பிறகு காதுக்குள் ஏதோ உலை வைத்தது மாதிரி கொதிக்க ஆரம்பித்துவிடும்.

அந்த நேரம் பார்த்து அவன் குளித்த ஈரத்தலையை அவள் வயிற்றில் முட்டிக்கொண்டு, "நீ எனக்கு மட்டும்தான் அம்மா, அக்காகிட்ட சொல்லிடாதே" என்று ரகசியம் சொல்வான். கொதித்ததெல்லாம் அப்படியே அடங்கிப்போகும். அரை மணி நேரத்துக்கு.

கண்ணாமூச்சி விளையாடும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். ஒளிந்திருக்கும்போது மட்டும் பையன் பேசுவதில்லை. அன்று அவன் சோபாவுக்குப் பின்னால் இருப்பது நன்றாகத் தெரிந்தும், அவள் தேடப் போகாமல் சமையலறையில் நின்று ஒரு காபியை முழுதாக, சூடாகக் குடித்து முடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு காபியைக் குடித்ததாக அவளுக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் ஆட்டம் நடந்தது. அவள் ஒரு தடித்த நாவலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேடுவாள். "ஐயோ, என் பிள்ளையைக் காணோமே! எங்கே போனானோ தெரியலையே!" என்று குரலை மட்டும் வீட்டுக்குள் சுற்றவிட்டு, பக்கத்தைப் புரட்டுவாள். அவன் சீக்கிரம் வெளியே வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு விதியாகச் சேர்த்தாள்.

"அம்மா கூப்பிட்டா வரக்கூடாது. வந்தா அவுட்டு."

"தோத்துட்டேன்னு சொன்னா?"

"அது ஏமாத்து வேலை. நம்பாதே."

"அழுதா?"

"அழுறது அதைவிடப் பெரிய ஏமாத்து. அம்மா வந்து கையால தொடணும். தொட்டாதான் ஆட்டம் முடியும். அதுவரைக்கும் மூச்சுக் காட்டாம இருந்தா ரெண்டு பிஸ்கட்."

அவன் அதைப் பாடம் மாதிரி மனசில் ஏற்றிக்கொண்டான். முதலில் எல்லாம் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கிளுக்கென்று சிரிப்பு வரும். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு சரசரப்பு நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மூத்தவள், வீட்டையே அதட்டி நடத்துவதால் மேடம் என்று பெயர் எடுத்தவள், ஒருநாள் தேடித் தேடி அலுத்துப்போய், "இவன்கூட இனிமே விளையாட மாட்டேம்மா. இவன் பிள்ளையே இல்லை, பல்லி" என்றாள்.

ஒரு மத்தியானம் அம்மா ஜன்னலோரம் வெகு நேரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யதேச்சையாகத் திரும்பியபோது அவள் முழங்கைக்குப் பக்கத்தில், திரையின் மடிப்புக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அவள் பதறி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். இதை இத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று அப்போது நினைத்தாள். மறுநாளும் ஆட்டம் நடந்தது.

எதிர்வீட்டு அக்கா வீடு காலி செய்த நாள் அவளுக்குக் காலையிலிருந்தே சரியில்லை. மேடத்துக்கு ஒரு காலுறை கிடைக்கவில்லை. கிடைத்தபோது அது சோப்புத் தண்ணீரில் கிடந்தது. டயர் கடையில் வேலை பார்க்கிற கணவன், சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய், பாதிப் படியில் நினைவு வந்து அங்கிருந்தே கத்தினான். துணி துவைக்கிற மெஷின் நடுவில் நின்று தண்ணீரோடு முரண்டு பிடித்தது. இதற்கிடையில் மாடிப்படியெல்லாம் சாமான் இறக்குகிறவர்களின் காலடி. "பாத்து, பாத்து, சுவரு, சுவரு" என்று ஓயாத சத்தம். அக்கா வீட்டுக் கதவும் இவள் வீட்டுக் கதவும் காலையிலிருந்து திறந்தே கிடந்தன. சுண்டு இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தான். அவனுக்கு அது இன்னொரு வீடு இல்லை, இந்த வீட்டின் மிச்சம்.

"இந்த மாமா ஏன் கட்டிலைக் காலைப் பிடிச்சுத் தூக்குறார்? அதுக்கு வலிக்காதா? அக்கா போற வீட்டுல நான் எங்கே விளையாடுவேன்? லாரிக்குத் தூக்கம் வருமா?"

"சுண்டு, அம்மாவுக்குத் தலை வலிக்குது."

"தலைக்குள்ள என்ன இருக்கு?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். "போய் ஒளிஞ்சுக்கோ. நல்லா ஒளியணும். இன்னைக்கு முன்கூட்டியே ரெண்டும் தரேன்."

அவன் கண் விரிந்தது. இரண்டு பிஸ்கட்டையும் கைக்கு ஒன்றாகப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஓடினான். அவன் எந்தப் பக்கம் ஓடினான் என்று அவள் பார்க்கவில்லை. காபிக்கு வைத்த பால் பொங்கிக்கொண்டிருந்தது.

நாவலில் அன்று நல்ல இடம். பனி மூடிய ஊர் ஒன்றில் யாரோ யாரையோ தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். படியில் கேட்ட சத்தங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. அக்கா வாசலில் நின்று, "போயிட்டு வரேண்டி, ராத்திரி போன் பண்றேன். எங்கே உன் வாயாடி?" என்றாள்.

"ஒளிஞ்சிருக்கான் அக்கா. கூப்பிட்டா வரமாட்டான்."

"பெரிய மனுஷன்தான். என் முத்தத்தை நீயே குடுத்துடு" என்று சிரித்துக்கொண்டு அக்கா இறங்கினாள். கீழே கார் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் லாரி இரண்டு முறை ஹார்ன் அடித்து, உறுமி, தெருமுனை திரும்பியது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கட்டடமே பெருமூச்சு விட்டு ஓய்ந்த மாதிரி ஒரு நிசப்தம். அவள் காலை நீட்டிக்கொண்டு இன்னும் சில பக்கங்கள் படித்தாள்.

பிறகுதான் அந்த நிசப்தம் கொஞ்சம் அதிகமாக இருப்பதாகத் தோன்றியது.

"ஐயோ, என் பிள்ளையைக் காணோமே" என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள். எழுந்து திரையை விலக்கினாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். கதவுகளின் பின்னால், அழுக்குத்துணிக் கூடையில், குளியலறையில், மெஷினுக்குள். "சுண்டு, அம்மா தோத்துட்டேன்." பால்கனி. அங்கே கீழே எட்டிப் பார்க்கும்போது உள்ளங்கால் கூசியது. ஒன்றும் இல்லை. "சுண்டு, போதும், நிஜமாவே போதும். வா." அவள் குரல் நடுங்கியது. நடுங்கியது நன்றாகத்தான் இருந்தது. தினமும் அவள் நடித்துக் காட்டிய நடுக்கம் இதேதான்.

திறந்திருந்த வாசற்கதவை அப்போதுதான் பார்த்தாள்.

எதிர்வீடு ஒழித்துப்போட்ட பாத்திரம் மாதிரி கிடந்தது. அவள் வைத்த ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்டது. கூடத்தில் ஒன்றுமில்லை. படுக்கையறையில், சுவரோரமாக, மரப் பீரோ இத்தனை வருஷம் நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாக, நீளச் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. அதன் ஓரத்தில் பிஸ்கட் துணுக்குகள் கிடந்தன.

அவள் வீட்டுக்கு ஓடி வந்து போனை எடுத்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். கடையில் காற்றடிக்கிற மெஷின் தடதடத்தது. "என்ன? சத்தமா சொல்லு!"

"சுண்டுவைக் காணோம்!"

"காணோமா?" அவன் சிரித்தான். "கட்டிலுக்கடியில பாரு. ஆட்டத்துல என்னை ஏன் இழுக்கறே? இங்கே கூட்டமா இருக்கு."

"ஆட்டம் இல்லைங்க, நிஜமா..."

"தினம் இதைத்தானே சொல்றே" என்று அவன் செல்லமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் படியிறங்கி ஓடினாள். கீழ்வீட்டு டெய்லரம்மா வாசலில் மெஷினைப் போட்டு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, செருப்பில்லாம எங்கே ஓடறே? அடுப்புல ஏதாவது பத்திக்கிச்சா?" என்றவள், இவள் முகத்தைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"சுண்டு வெளியே வந்தானா?"

"நான் காலையிலேருந்து இங்கேயேதான் உக்காந்திருக்கேன். சாமான் போச்சு, ஆளு போச்சு. உன் பிள்ளை இந்தப் படியைத் தாண்டி வரலை."

அக்கா முதல் தடவை போனை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள். "என்னடி, அதுக்குள்ள தேடுதா?"

"அக்கா, உங்க மரப் பீரோவுக்குள்ள என்ன இருக்கு?"

"காலிதான். அடியில ரெண்டு கம்பளி மடிச்சுப் போட்டேன். ஏன்?"

"சுண்டு அதுக்குள்ள இருக்கான்னு நினைக்கிறேன்."

"கடவுளே" என்றாள் அக்கா. "கதவு திறந்துக்கும்னு கயிறு போட்டுச் சுத்திக் கட்டினாங்களே. லாரி டிரைவர் ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். நல்ல பழக்கம்னு நானே மெச்சினேன். பாலம் தாண்டி டீசல் போடணும்னு சொன்னார். பெரிய ரோட்டுல ஏறிட்டா அப்புறம் எங்கேயும் நிக்கமாட்டார். நாங்க வண்டியைத் திருப்பறோம். நீ ஓடு!"

டெய்லரம்மா ஸ்கூட்டர் சாவியை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெருவில் எதுவும் கண்ணில் படவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிய லாரி, அதற்குள் பீரோ, அதற்குள் இருட்டு, அந்த இருட்டுக்குள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை. அவன் இப்போது ஜெயித்துக்கொண்டிருக்கிறான். இதுவரை ஜெயித்ததிலேயே பெரிய ஜெயிப்பு. இரண்டாவது பிஸ்கட்டைத் தின்றிருப்பானா, தொண்டை காய்ந்திருக்குமா என்று யோசித்தாள். வேறு எதையும் யோசிக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

"இல்லாமலும் இருக்கலாம்டி" என்று டெய்லரம்மா காற்றில் கத்தினாள். "மொட்டை மாடியில பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது. அவள் டெய்லரம்மாவின் தோளை இறுக்கினாள். திரும்பச் சொல்வதா, போகச் சொல்வதா என்று தெரியவில்லை. வாயைத் திறக்கும்முன் பாலம் வந்துவிட்டது.

லாரி பெட்ரோல் பங்கை விட்டு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. டெய்லரம்மா ஸ்கூட்டரை நேராக அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

சாமான் ஏற்றுகிறவர்கள் இருவரும் இறங்கி வந்தார்கள். ஒருவர் பெரிய மீசைக்காரர். இன்னொருவன் ஒல்லி, தலையில் துண்டு கட்டியிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

"மரப் பீரோவா? எல்லாத்தையும் கீழே இறக்கி வெச்சுட்டு, பெருசுன்னு அதைத்தாம்மா முதல்ல ஏத்தினோம்" என்றார் மீசைக்காரர். "கேபினை ஒட்டி, அடியில இருக்கு. அதுக்கு முன்னாடி கட்டில், ஃபிரிட்ஜ், சோபா, மெத்தை, அம்பாரமா பெட்டி."

"எல்லாத்தையும் இறக்குங்க."

"என்னம்மா விளையாடறீங்களா?"

"நான் விளையாடலை."

"கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு" என்றான் ஒல்லி. "கம்பளி இருக்குன்னாங்க, விட்டுட்டோம்."

டிரைவர் கையைக் குறுக்கே ஆட்டினார். "குழந்தை உள்ள இருந்தா இந்நேரம் ஊரையே கூட்டியிருக்காதா? ஒரு சின்னச் சத்தம் கேக்கலையே."

"அவன் சத்தம் போடமாட்டான்."

"ஏன், பேச்சு வராதா?"

"வரும். சத்தம் போடாம இருக்க நான்தான் கத்துக்குடுத்தேன்."

டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் பின்பக்கம் ஏறி, கட்டியிருந்த பெட்டிகளின் இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். சுண்டு. சுண்டு கண்ணா. அம்மா தோத்துட்டேன்டா. அழுகை வந்தது. அவள் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவன் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகச் சுருண்டுகொள்வான் என்று தெரிந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க கூப்பிடுங்க" என்றாள் மீசைக்காரரிடம். "என் குரலுக்கு வராது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி! டேய் தம்பி! உள்ள இருக்கியா?"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். தார்ப்பாயின் ஓரம் காற்றில் படபடத்தது. வேறொன்றும் இல்லை.

"பாத்தீங்களா" என்றார் டிரைவர். "நேரத்தைக் கெடுக்காம தெருவுல தேடுங்கம்மா. நிஜமா தொலைஞ்சிருந்தா இங்கே நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் வீண்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"அதானே" என்று ஒல்லியும் சேர்ந்துகொண்டான். "அந்தப் பீரோ அடித்தட்டே இவ்வளவு உயரம். ரெண்டு வயசுப் பிள்ளை எப்படிண்ணே அதுல ஏறும்?"

உள்ளேயிருந்து, கிணற்றடியில் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி, ஒரு குரல் வந்தது.

"நாலு."

டிரைவர்தான் முதலில் தாவினார். தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கவில்லை, அறுத்தார். பங்கில் வேலை செய்பவர்கள் ஓடி வந்தார்கள். பெட்டிகள் கைமாறின. மெத்தை ரோட்டில் விழுந்தது. கட்டிலின் சட்டம் யார் காலிலோ இடித்தது, யாரும் கத்தவில்லை. டெய்லரம்மா தலையணைகளைச் சாலையோரம் வீசினாள்.

"ரெண்டு வயசுன்னு சொன்னாங்களே தம்பி, நிஜமா?" என்று ஒல்லி மூச்சிரைக்கச் சத்தமாகக் கேட்டான். இப்போது அவனுக்கு வழி தெரிந்துவிட்டது.

பதில் இல்லை.

"சரி, ஒண்ணரை வயசுதான் போல!"

பதில் இல்லை.

"ரெண்டுதான்! இன்னும் பால் குடிக்கிற பாப்பா!" என்று அவளும் கத்தினாள். ஃபிரிட்ஜை நான்கு பேர் தள்ளினார்கள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அம்மாவின் குரலைக் கேட்டு உஷாராகிவிட்டானா, இல்லை... அந்த மௌனத்தை எத்தனையோ மத்தியானங்கள் கேட்டிருந்தாள். நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு அதை ருசித்திருந்தாள். இப்போது அது எந்த மௌனம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

பீரோ தெரிந்தது. கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. மீசைக்காரர் கத்தியை எடுத்தார். கதவு திறந்ததும் சூடான காற்று, கம்பளியும் பூச்சி உருண்டையும் கலந்த நெடி, முகத்தில் அடித்தது. சுண்டு கம்பளிமேல் ஒருக்களித்துக் கிடந்தான். தலைமுடி குளித்தவன் மாதிரி நனைந்திருந்தது. ஒரு கை வாய்மேல் இருந்தது.

அவள் அவனைத் தொட்டாள். தொட்டால் ஆட்டம் முடிய வேண்டும். கன்னத்தைத் தொட்டாள், கையைத் தொட்டாள், நெஞ்சைத் தொட்டாள். அவன் கண் திறக்கவில்லை.

"வெளியே கொண்டாங்க! காத்து, காத்து!" டிரைவர் அவனை வாரி எடுத்து நிழலில் கிடத்தினார். யாரோ சட்டையைக் கழற்றினார்கள். யாரோ ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல மெல்ல அவன் நெற்றியில், கழுத்தில், மார்பில் விட்டார்கள். டெய்லரம்மா தன் முந்தானையால் விசிறினாள். "மூச்சு இருக்குடி, இருக்கு, பாரு, வயிறு ஏறி இறங்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பங்கில் யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள்.

வெகு நேரத்துக்குப் பிறகு அவன் இமை துடித்தது. இருமினான். உதட்டில் வழிந்திருந்த தண்ணீரைத் துப்பினான். கண்ணைத் திறந்து, மேலே வட்டமாகத் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியாக அவளைப் பார்த்தான்.

அவள் அவன் கையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை அவளே தன்னிடமிருந்து கேட்டதில்லை. நிறுத்த முடியவில்லை. "சுண்டு, ஆட்டம் முடிஞ்சுதுடா. இனிமே கிடையவே கிடையாது. அம்மா நிஜமா சொல்றேன், நிஜமா."

அவன் அவளையே கவனித்துக்கொண்டிருந்தான். திரையின் மடிப்புக்குள்ளிருந்து பார்த்த அதே பார்வை. எந்த அவசரமும் இல்லாமல், ஒரு துளியும் ஏமாந்துவிடாமல். பிறகு முகத்தைத் திருப்பி, தன்னைத் தூக்கி வந்த டிரைவரைப் பார்த்தான்.

"மாமா" என்றான், உலர்ந்த குரலில். "அம்மா நிஜமாவா அழறாங்க?"

டிரைவர் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"நிஜமாத்தான் தம்பி."

சுண்டு யோசித்தான். அவன் கை அவள் பிடிக்குள் அப்படியே இருந்தது. இறுக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. தூரத்தில் ஆம்புலன்சின் சத்தம் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. அவன் பக்கத்தில் நின்ற ஒல்லியைப் பார்த்து, அவனிடமும் அதையே கேட்டான்.